அத்திக்கடவு குழாய் வந்தாச்சு, இனி ஓடை எதற்கு? கௌசிகா பக்கம் ஒரு குட்டை விவகாரம்

குட்டைக்கரையான் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பாளையத்துக்கும் அன்னூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், ஏற்கனவே இங்கே சூடாகத்தான் இருக்கிறது.

ஊருக்கு மேற்கே நாலு ஏக்கர் குட்டை ஒன்று. குருடி மலையில் பெய்யும் மழை கௌசிகா நதியாகிக் கிழக்கே வந்து, வஞ்சிபாளையம் பக்கம் நொய்யலில் சேர வேண்டும். நதி என்று பெயர்தான், எங்கள் வயதுக்காரர்களுக்கு அது ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குப் போகும் கிளை ஓடைகளில் ஒன்றின் மேல்தான் எங்கள் குட்டை இருக்கிறது. முழுக்க வேலிக்காத்தான். கரையில் ஒரு பக்கம் குப்பை.

இளைஞர் மன்றத்தில் வசூல் செய்து கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். போன வாரம் ஊர்க்கூட்டம். இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு தரப்பு: பவானி ஆற்று உபரியைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டக் குழாய் குட்டைக்கே வந்துவிட்டது, அதனால் முள்ளை எடுத்து, ஆழப்படுத்தி, கரையில் நடைபாதையும் பெஞ்சும் போட்டால் போதும். இன்னொரு தரப்பு: குட்டைக்கு வரும் ஓடை அரை கிலோமீட்டருக்கு அடையாளமே இல்லாமல் போய்விட்டது, முதலில் அதைத் திறக்க வேண்டும். ஓடையைத் திறந்தால் மூன்று பேர் காடு, அதாவது விவசாய நிலம், அடிபடும். அதில் ஒருவர் எனக்குத் தாய்மாமன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதில் கை வைப்பது?

---

ஞாயிறுவேலை | திங்கள், இரவு 10.25

ஓடையில்.

கோவை வெள்ளலூர் குளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நொய்யலில் வெள்ளம் போகும்போதுகூட குளம் காய்ந்து கிடந்தது. காரணம் குளத்தில் இல்லை. நொய்யலில் இருந்து வரும் ராஜவாய்க்கால் மேல் வீடுகள் வந்துவிட்டன. அங்கே இருந்தவர்களுக்கு மாற்று வீடு கொடுத்து, வாய்க்காலை மீட்ட பிறகுதான் தண்ணீர் வந்தது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு, 2017 வாக்கில் பேரூர் பெரியகுளத்தில் தொடங்கி, ஞாயிறுதோறும் ஆட்களைத் திரட்டி வேலை செய்தவர்கள், அங்கேயும் நின்றார்கள். கரையில் அடர்வனம், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எல்லாம் அப்புறம் வந்தவை. இன்றைக்குப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் எல்லாம் பட்டாம்பூச்சியைத்தான் எடுக்கிறார்கள். வாய்க்காலை யாரும் எடுப்பதில்லை, அது பார்க்க அழகாக இருக்காது.

நடைபாதை, பெஞ்ச் வேண்டும் என்கிறவர்களை உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் ஒரு நடை அழைத்துப் போங்கள். கரை ஜோராக இருக்கிறது. உள்ளே என்ன நிற்கிறது என்று மூக்கு சொல்லும்.

---

மேட்டுக்காட்டுக்காரன் | செவ்வாய், காலை 6.10

நகரத்துக் குளக் கதையை எங்கள் பக்கம் ஒட்டாதீர்கள் நண்பரே. வெள்ளலூருக்குப் பக்கத்தில் நொய்யல் இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது?

இந்தக் குழாய்க்காக எங்கள் அப்பா தலைமுறை முழுக்க மனு கொடுத்துச் செத்தது. அறுபது வருஷக் கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் நடந்த உண்ணாவிரதப் பந்தலில் நானும் உட்கார்ந்திருந்தேன். 2019-ல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-ல் திறப்பு. 1,045 குளம் குட்டைகள். தேர்தல் வந்தால் வாக்குறுதி, போனால் கிணற்றில் போட்ட கல் என்று இருந்தது ஒருவழியாக வந்திருக்கிறது. இப்போது வந்து “குழாய் எதற்கு, ஓடை போதும்” என்றால் வயிறு எரிகிறது.

ஓடை ஓடி நான் பார்த்தது எப்போது? ஆயிரம் அடி போர் போட்டுப் புகைதான் வந்தது. வானத்தை நம்பித்தான் இந்தக் கதிக்கு வந்தோம்.

---

மட்டக்கோல் | செவ்வாய், காலை 11.05

குழாய் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை அண்ணா. குழாய் மட்டும் போதுமா என்பதுதான் பேச்சு. நான் சிவில் ஆள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திட்டத்தின் அளவு 1.5 டி.எம்.சி., அதாவது 150 கோடி கன அடி. விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுப்பது என்று திட்டம். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். அதை 1,045 நீர்நிலைக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்குச் சராசரி 14 லட்சம் கன அடி சொச்சம். பெரிய குளத்துக்கு அதிகம், குட்டைக்குக் குறைவு. ஆக உங்கள் நாலு ஏக்கருக்குச் சராசரியைவிடக் குறைச்சலாகவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓடை. குட்டைக்கு மேலே ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 247 ஏக்கர், நீர்ப்பிடிப்பு இருக்கிறது என்று வைப்போம். வருஷ மழை 600 மில்லிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஓடி வருகிறது. 60,000 கன மீட்டர், அதாவது சுமார் 21 லட்சம் கன அடி. மோட்டார் இல்லை, கரண்ட் பில் இல்லை.

இன்னொன்று. குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் உபரியில் இருந்து. ஆறு நீரேற்று நிலையம் தாண்டித்தான் உங்கள் ஊருக்கு வருகிறது. பவானியில் உபரி இருந்தால் தண்ணீர். எந்த வருஷம் உங்களுக்குத் தண்ணீர் ரொம்பத் தேவையோ, அந்த வருஷம் பவானியிலும் உபரி இருக்காது. இரண்டும் ஒரே வானம்தான்.

---

மேட்டுக்காட்டுக்காரன் | செவ்வாய், மதியம் 1.30

> அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஓடி வருகிறது

புத்தகத்தில் ஓடும். எங்கள் காட்டில் ஓடாது. எல்லாரும் வரப்பு உயர்த்தியாச்சு. பண்ணைக்குட்டை மானியத்தில் வெட்டியாச்சு. பாதிப் பேர் சோளக்காட்டை விட்டுவிட்டுத் தென்னையும் வாழையும் வைத்துவிட்டார்கள். மேலே இரண்டு லேஅவுட் வந்திருக்கிறது, கல் நட்டு ரோடு போட்டிருக்கிறான். இதில் எங்கே உங்கள் பத்தில் ஒன்று?

---

மட்டக்கோல் | செவ்வாய், மதியம் 2.15

நியாயமான கேள்வி. வருஷ மழையைச் சராசரியாகப் பார்த்தால் ஏமாந்து போவோம். நம் பக்கம் பாதி மழை தூறலாகவே போகும், மண் குடித்துவிடும். அக்டோபர், நவம்பரில் மண் ஈரமாகிவிட்ட பிறகு ஒரே இரவில் எழுபது, எண்பது மில்லிமீட்டர் கொட்டும் பாருங்கள், அந்த மூன்று நாலு மழைதான் ஓடும். குட்டை நிறைவதே அந்த மழையில்தான். அன்றைக்கு வரப்பும் உடையும், பண்ணைக்குட்டையும் வழியும். அந்தத் தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் அது நிற்காது, வேறு வழி பார்த்துக்கொள்ளும்: ரோட்டில், லேஅவுட்டில், யாராவது ஒருவர் வீட்டுக்குள்.

லேஅவுட் வந்தால் ஓடும் தண்ணீர் கூடும், குறையாது. தார் ரோடும் சிமெண்ட் வாசலும் ஒரு சொட்டுக் குடிக்காது. ஆக உங்கள் ஊர் ஓடைக்கு முன்பைவிட வேலை அதிகம்.

குட்டைக்கரையான், ஒரு கேள்வி. ஓடை எந்த இடத்தில் பஞ்சாயத்து ரோட்டைக் கடக்கிறது? அங்கே என்ன இருக்கிறது, பாலமா குழாயா?

---

டிராக்டர்மணி | செவ்வாய், மாலை 4.00

அதெல்லாம் இருக்கட்டும், ஆர்ச்சில் யார் பேரு போடறதுன்னு முடிவாயிருச்சா? அது முடியாம ஒரு குட்டையும் தூர்வார முடியாது எங்க பக்கம் 😄

---

சங்கிலிக்காரர் | செவ்வாய், இரவு 8.50

தம்பி, நான் சர்வே பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு முதல் பதில் மண்வெட்டியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். கிராமத்து நிலங்களின் வகையைக் குறித்து வைக்கும் அ-பதிவேட்டில் அந்த ஓடைக்கு என்ன வகைப்பாடு என்று பாருங்கள். “ஓடைப் புறம்போக்கு” என்று தனிப் புல எண் இருக்கிறதா, அல்லது பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடை போகிறதா? இரண்டும் வேறு வேறு. புறம்போக்கு என்றால் அது அரசு நிலம்; 1905-ம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். பட்டாவுக்குள் என்றால் நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தை எல்லாரும் சொல்வார்கள். அது பொதுப்பணித்துறை கையில் இருந்த ஏரிகளுக்கு. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்குப் போய்விடும். உங்கள் குட்டை அந்த வகை.

அப்புறம் எஃப்.எம்.பி., அதாவது புல அளவை வரைபடம், எடுங்கள். இப்போது ஆன்லைனிலேயே வருகிறது. எல்லைக் கல் பாதி இருக்காது, பரவாயில்லை. அளந்து காட்டினால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். நான் பார்த்த வரை வேண்டுமென்றே ஓடையைப் பிடித்தவர்கள் குறைவு. பத்து வருஷம் தண்ணீர் வராது, உழும்போது ஒவ்வொரு சாலாக உள்ளே தள்ளிக்கொண்டே வருவார்கள், ஒரு தலைமுறை போனால் மகனுக்கு அங்கே ஓடை இருந்ததே தெரியாது. அவனைப் போய் ஆக்கிரமிப்பாளன் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னால் அவன் கோர்ட்டுக்குத்தான் போவான்.

மாமாவிடம் நோட்டீஸோடு போகாதீர்கள். ஸ்கெட்சோடு போங்கள்.

---

ஒரத்துப்பாளையத்தான் | புதன், காலை 7.20

கடைக்கோடியில் இருந்து ஒரு குரல்.

நொய்யலில் 1992-ல் எங்கள் ஊரில் அணை கட்டினார்கள். பாசனத்துக்கு. கட்டிய சில வருஷத்திலேயே அது திருப்பூர் சாயத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டி ஆகிவிட்டது. அணையில் தண்ணீர் வேண்டும் என்று போராடாமல், தண்ணீரைத் தேக்காதே என்று கோர்ட்டுக்குப் போன விவசாயிகள் நாங்கள்தான். கிணற்றுத் தண்ணீரில் சோறு வெந்தால் மஞ்சளாக இருக்கும். தென்னை குருத்து சிறுத்துப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சுத்திகரிப்பை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்குள் மண் போய்விட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன்? ஓடையைத் திறப்பதற்கு முன்னால் மேலே என்ன இருக்கிறது என்று நடந்து பாருங்கள். பட்டறை, ஃபவுண்டரி, கோழிப்பண்ணை, லேஅவுட் சாக்கடை எது இருந்தாலும் திறந்த ஓடை முதல் மழையிலேயே அதைக் கொண்டுவந்து குட்டையில் சேர்க்கும். அடைத்த ஓடை ஒரு விதத்தில் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. கோவைக்காரர்கள் குடிப்பது சிறுவாணி, பில்லூர். இரண்டும் பவானிப் படுகை. கழுவி ஊற்றுவது நொய்யலில். கோடையில் நொய்யலில் ஓடுவதே பவானித் தண்ணீர்தான், ஒரு தரம் பாத்ரூம் வழியாகப் போய்விட்டு வந்தது.

---

ஞாயிறுவேலை | புதன், காலை 9.00

ஒரத்துப்பாளையத்து அண்ணன் சொல்வது நூறு சதவீதம் உண்மை. சங்கனூர்ப் பள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தடாகம் பக்கத்து மலையடிவாரத்தில் சுத்தமாகப் புறப்படுகிறது. அங்கே செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, 2021-ல் நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகளை மூட வேண்டி வந்தது. ஓடை ஓடின இடத்தில் முப்பது நாற்பது அடிக் குழி. மழை குழியில் போய் விழுகிறது, பள்ளத்துக்கு வருவதில்லை. நகரத்துக்குள் வந்ததும் அதே பள்ளம் முழுக்கச் சாக்கடை. தலையில் தண்ணீர் இல்லை, வயிற்றில் கழிவு.

---

பொக்லைன் | புதன், மதியம் 12.45

நான் வண்டி ஓட்டறவன். ரெண்டு ஹிட்டாச்சி, ஒரு ஜேசிபி. தூர்வாரல்னா எங்களைத்தான் கூப்பிடுவாங்க, அதனால தொழில் ரகசியம் ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு. “இலவசமாத் தூர்வாரித் தர்றேன், மண்ணை மட்டும் எடுத்துக்கறேன்”னு ஒருத்தர் வருவார். நல்ல மனசுன்னு நினைக்காதீங்க. மேல ரெண்டடி வண்டல், அதை ஓரமாத் தள்ளிட்டு, கீழ இருக்கற கிராவலுக்குப் போவார். அதுதான் காசு. ராத்திரி டிப்பர் ஓடினா சந்தேகப்படுங்க. முடிச்சிட்டுப் போகும்போது குட்டை நடுவுல கிணறு மாதிரி ஒரு குழி இருக்கும், சுத்தி மேடு. பசங்க குளிக்கப் போய் அதுலதான் மாட்டுவாங்க.

ரெண்டு. வண்டல் எடுக்க விவசாயிக்கு அனுமதி வாங்கலாம், தாசில்தார்கிட்ட. சிட்டா, அடங்கல் கொண்டு போனா போதும். அவங்கவங்க டிராக்டரை அவங்கவங்களே கொண்டு வந்தா நீங்க வண்டி மணிக்கணக்கு மட்டும் பார்த்தா போதும். உங்க கையில இருக்கற பணத்துல பெரும்பங்கு மண்ணைக் கடத்தற செலவுதான். அதைத் தவிர்த்தா பணம் மிஞ்சும்.

வேலிக்காத்தானை மேல வெட்டிட்டு விட்டீங்கன்னா மூணே மாசம். வேரோட எடுக்கணும்.

---

தாழைக்கோழி | புதன், இரவு 9.30

பொக்லைன் அண்ணா சொன்ன “சுத்தி மேடு, நடுவில் குழி” பற்றி இன்னும் கொஞ்சம். நான் பறவை பார்க்கிறவள்.

தூர்வாரல் என்றால் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில்: சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரே ஆழம், நான்கு பக்கமும் செங்குத்தான கரை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஓடை உள்ளே வரும் பக்கம் சரிவாக, முழங்கால் ஆழம் கூட இல்லாமல் கிடக்கட்டும். அங்கேதான் கோரையும் சம்பும் வரும், வரும் குப்பையையும் வண்டலையும் அதுவே பாதி வடிகட்டும். நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன், உள்ளான் எல்லாம் அந்தச் சேற்றில்தான் மேயும். ஆழமான தண்ணீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மட்டும்தான். சூலூர், சிங்காநல்லூர்க் குளங்களில் இதை யாரும் கண்ணால் பார்க்கலாம். கூட்டம் எப்போதும் ஓரத்தில்.

மாடு இறங்க வழி வேண்டும். பெண்கள் துணி துவைக்க வந்தால் ஒரு படித்துறை வேண்டும். இந்த இரண்டு பேரும் தினம் வரும் குட்டையில் குப்பை கொட்ட ஆள் பயப்படுவான். பெஞ்ச் போட்டால் ராத்திரி யார் உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

குட்டைக்குள்ளே மரம் நடாதீர்கள். “பறவைக்குத் தீவு” என்று கருவேலங்கன்று வைப்பது பெரிய குளத்துக்குச் சரி. நாலு ஏக்கரில் வேண்டாம். கரையின் வெளிப்பக்கம் பனை விதை ஊன்றுங்கள், செலவே இல்லை.

---

மேட்டுக்காட்டுக்காரன் | வியாழன், காலை 6.00

பறவைக்கு ஓரம் விட்டால் ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் வெயிலில் ஆவியாகிவிடும். போருக்கு ஊற்று ஏற வேண்டும் என்றுதானே இத்தனையும்?

---

மட்டக்கோல் | வியாழன், காலை 10.20

ஆழம் இருந்தால் ஊற்று ஏறும் என்பது எப்போதும் சரியில்லை. அடியில் என்ன மண் என்பதுதான் கேள்வி. உங்கள் ஊரில் குட்டை அடியில் கரிசல் களியா, ஓடைக்கல்லும் சுக்காங்கல்லும் கலந்த செம்மண்ணா? களி என்றால் பத்தடி வெட்டினாலும் தண்ணீர் கிண்ணத்தில் நிற்கிற மாதிரி நிற்கும், மேலேதான் போகும். செம்மண் என்றால் மேல் படிந்த வண்டலைச் சுரண்டினாலே போதும், உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ஒரு மூலையில் மூன்றடிக்கு ஒரு குழி வெட்டி, குடம் குடமாக ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். லேப் எல்லாம் வேண்டாம்.

ஓரத்தில் கால் ஏக்கர் ஆழம் குறைவதால் நஷ்டம் சொற்பம். ஓடையில் வரும் வண்டல் அங்கேயே தங்கினால், அடுத்த தடவை பொக்லைன் அண்ணனுக்கு வேலை குறைவு. (மன்னிக்கவும் அண்ணா.)

---

வேலூரான் | வியாழன், மதியம் 3.40

எங்கள் பக்கம் நாகநதி. பாலாற்றுப் படுகையில் ஒரு சின்ன நதி, வருஷக்கணக்கில் மணல்தான். அங்கே 2014 வாக்கில் இருந்து நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் வேலை செய்தார்கள். மலையடிவாரத்து ஓடைகளில் கல்லை அடுக்கித் தண்ணீரின் வேகத்தைக் குறைத்தார்கள். கீழே ஆற்றுப்படுகைக்குள்ளேயே உறை இறக்கி நீர்செறிவுக் கிணறுகள், நூற்றுக்கணக்கில். மேலே இருந்து கீழே, அந்த வரிசையை மாற்றவில்லை. கீழே இருந்து ஆரம்பித்தால் ஒரே வெள்ளத்தில் எல்லாம் மண் மூடிவிடும்.

உங்களுக்கும் நூறு நாள் வேலையில் ஓடை சீரமைப்பு எழுத முடியும். கிராம சபையில் தீர்மானம் வைக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் அந்தத் திட்டத்தில் வராத வேலைக்கு இருக்கட்டும்.

---

கரூரான் | வியாழன், மாலை 6.30

மேலே இருந்து ஆரம்பிக்கச் சொல்கிறீர்கள். நல்லது. எல்லா ஊரும் ஓடைக்கு ஓடை தடுப்பணை கட்டினால் நொய்யல் காவிரியில் சேரும் எங்கள் பக்கத்துக்கு என்ன வரும்? கௌசிகாவில் இரண்டு ஃபர்லாங்குக்கு ஒரு தடுப்பணை பார்த்தேன். ஒன்றில் கூட மதகு இல்லை.

---

மட்டக்கோல் | வியாழன், இரவு 7.45

மதகு இல்லாத தடுப்பணை வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. உயரமும் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து, அதற்கு மேல் போனால் அது சேமிப்பு இல்லை, பிடிப்பு. பழைய நொய்யல் அணைக்கட்டுகளைப் பாருங்கள், சித்திரைச்சாவடி மாதிரி. ஆற்றை மறிக்கவில்லை, ஒரு பங்கைத் திருப்பிவிட்டுவிட்டு மிச்சத்தைத் தாண்டிப் போக விட்டார்கள். ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு (உபரி வழியும் இடம்) வழியே அடுத்த குளத்துக்கு. உங்கள் பங்கு கடைசியில் வரும், ஆனால் வரும்.

---

குட்டைக்கரையான் | ஞாயிறு, மாலை 5.15

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை எஃப்.எம்.பி. எடுத்துக்கொண்டு மாமாவையும் கூட்டிக்கொண்டு ஓடை நெடுக நடந்தோம். மேட்டுக்காட்டு அண்ணன் மாதிரியே பேசும் ஒரு பெரியவரும் கூட வந்தார்.

அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்றே இருக்கிறது. அகலம் ஸ்கெட்சில் எட்டு மீட்டர் சொச்சம். தரையில் முதல் காட்டில் இரண்டு மீட்டர், அடுத்ததில் வெறும் உழவு. மாமா காட்டில் ஓடை இருந்த இடத்தில் ஏழு தென்னை, காய்க்கிற மரம்.

மேலே நடந்தோம். பட்டறை எதுவும் இல்லை. ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது, கழிவு ஓடையில் விடுவதில்லை, எருவாக விற்கிறார்கள். லேஅவுட்டில் இன்னும் வீடு வரவில்லை. வந்தால் சாக்கடை எங்கே போகும் என்று கேட்டோம், புரோக்கர் சிரித்தார்.

பஞ்சாயத்து ரோட்டைக் கடக்கும் இடத்தில்தான் ஆச்சரியம். ஒற்றை ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்). உள்ளே தேங்காய் மட்டையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கல்லாகி இருக்கிறது. அதைவிட, பைப்பின் அடிமட்டம் மேற்குப் பக்கத்து ஓடைத் தரையைவிட ஒன்றரை அடி உயரம். ரோடு போடும்போது மேடாக்கி வைத்திருக்கிறார்கள். ஓடையை முழுக்கத் திறந்தாலும் தண்ணீர் அங்கே நின்று ரோட்டின் மேல் ஏறித்தான் வர வேண்டும். மாமா அங்கே நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பாலத்தை இறக்கட்டும், அப்புறம் என் தென்னையைப் பற்றிப் பேசலாம்” என்றார். அவருக்கு இன்னொரு நிபந்தனை. ஓடைக்கு அந்தப் பக்கமும் அவர் காடுதான், டிராக்டர் கடக்க ஒரு ஸ்லாப் வேண்டும்.

---

சங்கிலிக்காரர் | ஞாயிறு, இரவு 7.00

மாமா நியாயமாகத்தான் பேசுகிறார். அவர் சொன்னதை அப்படியே மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்கு மகன் வந்து வேறு பேசக்கூடாது. தென்னை ஏழுக்கும் ஊர் ஏதாவது செய்ய வேண்டும். சட்டப்படி ஒன்றும் தர வேண்டியதில்லை. ஊர் வழக்கப்படி தர வேண்டும்.

---

மட்டக்கோல் | ஞாயிறு, இரவு 8.10

பைப் வேண்டாம், ஸ்லாப் பாலம் கேளுங்கள். ஒற்றைப் பைப் எப்போதும் அடைக்கும், ஸ்லாப் என்றால் ஆள் உள்ளே இறங்கி மண்வெட்டியில் தள்ளலாம். அது ஒன்றிய ரோடா பஞ்சாயத்து ரோடா என்று பார்த்து ஒன்றியப் பொறியாளருக்கு மனு. மனுவில் அந்த ஒன்றரை அடியை எழுதுங்கள், போட்டோவில் ஒரு டேப் வைத்து எடுங்கள். “பாலம் பழுது” என்று எழுதினால் வெள்ளை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

---

மேட்டுக்காட்டுக்காரன் | திங்கள், காலை 6.20

அந்தப் பெரியவர் யாரென்று எனக்குத் தெரியும், சொல்லி வையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். குட்டையில் குழாய் முனையில் பெட்டியும் சோலார் பலகையும் இருக்கும், நீர்மட்டம் பார்த்துத் திறந்து மூடுவது அதுதான். வண்டி இறங்கும்போது அதில் இடித்துவிட்டால் அறுபது வருஷத்தை நான் உங்களிடம்தான் கேட்பேன். அதைச் சுற்றிப் பதினைந்து அடிக்கு வெட்டாதீர்கள். கரையை நகர்த்துவதானால் நீர்வளத்துறைக்கு முன்னாடியே எழுதிக் கொடுங்கள்.

நடைபாதைக் கட்சி இன்னும் பேசுகிறதா?

---

குட்டைக்கரையான் | திங்கள், காலை 8.05

பேசுகிறது அண்ணா. ஆர்ச் வேண்டாம் என்று ஆகிவிட்டது, பெஞ்ச் இரண்டு வேண்டுமாம். பொக்லைன் அண்ணா, தீபாவளிக்கு முன்னால் உங்கள் சின்ன வண்டி ஒரு நாள் கிடைக்குமா? குட்டைக்கு இல்லை, ரோட்டுக்கு மேற்கே ஓடைக்கு.

---

பொக்லைன் | திங்கள், காலை 8.30

வியாழக்கிழமை வர்றேன். டீசல் உங்க கணக்கு, வாடகை வேண்டாம். சர்வே கல் இருக்கற இடத்துல சுண்ணாம்பு போட்டு வைங்க, நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் போக மாட்டேன்.